ஊட்டிக்கு பஸ் ஏறும் முன் ஒரு தேடல்

நீலகிரி மலையில், மஞ்சூர் பக்கம் இருக்கும் ஊர் பிக்கட்டி. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், பள்ளத்தாக்கு, மேகம். இந்த ஊர் மாணவி ஒருவருக்கு ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' நாவல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். படகர் வாழ்க்கையைச் சொல்லும் நாவல் அது. அவர் பாட்டி வாழ்ந்த மலையின் கதை. ஊட்டி மாவட்ட மைய நூலகத்தில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தெரிந்துகொள்ள வளைவுகளில் ஏறி இறங்கிப் போய்வர வேண்டும். மகளிருக்கு பஸ் இலவசமாக இருக்கலாம். போய்வரும் அரை நாள் இலவசம் இல்லையே.

வீட்டிலிருந்தே போனில் தட்டிப் பார்க்க ஓர் இணையப் பட்டியல் இருந்தால் இந்த அலைச்சல் மிச்சம். ஆனால் தட்டியதும் 'முடிவுகள் இல்லை' என்று வந்தால்? புத்தகம் அலமாரியில் இருந்தும் அப்படி வரக்கூடும். அது வாசகருக்குத் தெரிய வழியில்லை. நூலக ஊழியர் யாராவது முன்கூட்டியே தட்டிப் பார்த்திருந்தால்தான் குறை வெளியே வரும்.

இப்படித் தட்டிப் பார்ப்பதையே ஒரு வேலையாகத் தன் ஊழியர்களுக்குக் கொடுத்தது ஒரு பொது நூலகம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகரில், 2006 ஆகஸ்டில் அது தொடங்கியது. அங்கே பணியாற்றிய ஹெலன் பிளவர்ஸ் வகுத்த திட்டம். '23 விஷயங்கள்' என்ற பெயரில் நூலக உலகம் முழுக்கப் பேசப்பட்டது. வகுப்பறை கிடையாது, வாத்தியார் கிடையாது. ஒவ்வொரு ஊழியரும் சொந்தமாக ஒரு வலைப்பூ தொடங்க வேண்டும். விரும்பினால் புனைபெயரிலேயே எழுதலாம். பிறகு போட்டோ பகிரும் தளம், புத்தகங்களைப் பட்டியலிடும் தளம், விக்கி, யூடியூப், பாட்காஸ்ட் என்று ஒவ்வொன்றாகத் தாமே பயன்படுத்திப் பார்த்து, பிடித்ததா, நூலகத்துக்கு உதவுமா என்று தங்கள் வலைப்பூவில் எழுத வேண்டும். அக்டோபர் முடிவதற்குள் 23ஐயும் முடித்தவர்களுக்கு ஆளுக்கொரு எம்பி3 பிளேயர். குலுக்கலில் ஒருவருக்கு லேப்டாப்.

அந்த 23 பயிற்சிகளில் ஒன்றில் நம்ம ஊர் வாசனையும் உண்டு. இணையத்திலேயே கடிதம், கட்டுரை எழுதும் கருவிக்கு உதாரணமாக அவர்கள் எடுத்துக்கொண்டது, சென்னையில் வேர்விட்ட நிறுவனத்தின் 'ஸோஹோ ரைட்டர்'.

வாழ்நாள் முழுக்கக் கற்பதற்கான 'ஏழரைப் பழக்கங்கள்' என்று ஒரு பாடத்தோடு அந்தத் திட்டம் தொடங்கியது. அந்த அரைப் பழக்கம் என்ன தெரியுமா? விளையாடுவது. வேலை நேரத்தில் விளையாடு என்று ஊழியர்களிடம் சொல்லும் நிர்வாகம் அபூர்வம். 'தொட்டால் கெட்டுப்போகும்' என்று கம்ப்யூட்டருக்குத் துணி போர்த்தி வைத்த அலுவலகங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அன்று முயன்று பார்த்த கருவிகளில் பல இன்று இல்லை. ப்ளாக்லைன்ஸ், ரோலியோ, டெலிஷியஸ் என்றால் இன்றைய இளைஞர்களுக்கு என்னவென்றே தெரியாது. அதனால் உழைப்பு வீண் என்று சொல்லிவிட முடியாது. புதிதாக ஒன்று வந்தால் பயப்படாமல் திறந்து பார்ப்பது, சரியில்லை என்றால் தயங்காமல் மூடுவது என்ற பழக்கம் கையில் தங்கியிருக்கும். ஆஸ்திரேலியா தொடங்கிப் பல நாட்டு நூலகங்கள் இந்தத் திட்டத்தைத் தங்களுக்கேற்ப மாற்றி நடத்தின.

புதிய கருவியை முயன்று பார்ப்பது தமிழ்நாட்டு நூலகத்துக்குப் புதிதும் அல்ல. 1931 அக்டோபரில் மன்னார்குடி அருகே மேலவாசலில் ஒரு மாட்டுவண்டி புத்தகங்களைச் சுமந்து ஊர் ஊராகக் கிளம்பியது. வடிவமைத்தவர் கனகசபைப் பிள்ளை. தொடங்கி வைத்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். அதே ஆண்டில்தான் ரங்கநாதனின் நூலக அறிவியல் ஐந்து விதிகள் நூலாக வந்தன. நான்காவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. எந்த இணையக் கருவியையும் எடைபோட இந்த ஒரு விதியே கணிசமான தூரம் உதவும்.

சிறிய ஊர் நூலகத்தால் பெரிய கருவியை உருவாக்கவும் முடியும். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகம் அப்படிச் செய்தது. 1999ல், புத்தாயிரம் பிறந்தால் தங்கள் பழைய மென்பொருள் படுத்துவிடும் என்ற நிலை. கிளைகளை இணைத்ததோ சாதாரண டெலிபோன் லைன். அதிலும் ஓடும்படி, பிரவுசரிலேயே இயங்கும் மென்பொருளை உள்ளூர் நிறுவனம் ஒன்று எழுதிக் கொடுத்தது. 2000 ஜனவரியில் அது பயன்பாட்டுக்கு வந்தது. பெயர் 'கோஹா', மாவோரி மொழியில் அன்பளிப்பு என்று பொருள். பெயருக்கேற்ப யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான நூலகங்களில் அது ஓடுகிறது, இந்தியாவிலும்தான்.

ஆனால் நியூசிலாந்துக்காரர் சோதித்துப் பார்த்திருக்க முடியாத ஒன்று நமக்கு இருக்கிறது: தமிழ் எழுத்து. 'குறிஞ்சித்தேன்' என்று சேர்த்து எழுதலாம், 'குறிஞ்சித் தேன்' என்று பிரிக்கலாம். அவசரத்தில் 'த்' விட்டுப்போய் 'குறிஞ்சி தேன்' என்றும் வாசகர் தட்டுவார். மூன்றுக்கும் புத்தகம் வருகிறதா? ஆங்கில எழுத்தில் தட்டினால்? ஆசிரியர் பெயரில் 'ராஜம்' என்றும் 'இராஜம்' என்றும் தட்டினால்? 'கொ' என்ற எழுத்தில் வரும் கொம்பையும் காலையும் கணினியில் ஒரே குறியாகவும் இடலாம், இரண்டு குறிகளாகவும் இடலாம். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. மென்பொருள் இரண்டையும் சமமாக எடுத்துக்கொள்ளாவிட்டால் தேடல் பொய்த்துப்போகும்.

பழைய பட்டியல்களின் கதை இன்னும் சிக்கல். 2010ல்தான் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தமிழுக்கான தர நிர்ணயமாக அறிவித்தது. வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்பை அப்படியே புதிய மென்பொருளில் ஏற்றினால், புத்தகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வந்து உட்காரும். செயல்விளக்கம் காட்ட வரும் விற்பனையாளர் இதையெல்லாம் காட்ட மாட்டார். அவர் கொண்டுவரும் பத்துப் புத்தகங்கள் எப்போதும் சரியாகவே தேடப்படும். தன் நூலகத்தின் பழைய பதிவேட்டிலிருந்து, எழுத சிரமமான இருபது தலைப்புகளை எடுத்துத் தட்டிப் பார்க்கும் ஊழியர்தான் உண்மையைக் கண்டுபிடிப்பார்.

குரலில் தேடலாமே என்று தோன்றலாம். 2017ல் கூகுள் தன் குரல் தட்டச்சில் தமிழையும் சேர்த்த பிறகு, தட்டத் தெரியாத பெரியவர்கள் போனிடம் பேசியே தேடுகிறார்கள். பிக்கட்டிப் பக்கத்துப் பாட்டி படக மொழியில் கேட்டால்? தமிழ் மட்டும் பழகிய கருவி அங்கே விழிக்கும். சோதனையில் அவரையும் உட்கார வைக்க வேண்டும்.

சிக்னல் இன்னொரு சோதனை. இதே மலையில் இருக்கும் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி நாட்களில் கரண்டும் நெட்டும் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. நெட் போனால் புத்தகம் கொடுக்க முடியுமா, நோட்டில் எழுதியதைப் பிறகு ஏற்ற முடியுமா என்று பார்க்காமல் வாங்கிய மென்பொருள், மழை பெய்தால் நூலகத்தையே மூட வைக்கும்.

இலவசச் செயலிகளில் கூடுதல் கவனம் தேவை. உறுப்பினரின் போன் எண், பிறந்த தேதி, படித்த புத்தகங்கள் எல்லாம் எங்கே போய்ச் சேர்கின்றன? 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. நூலகத்துக்கு வருபவர்களில் பள்ளிப் பிள்ளைகள் நிறைய. விதிமுறைகளைப் படிக்காமல் 'சம்மதம்' பொத்தானை அழுத்தும் நம் வழக்கம் இங்கே உதவாது.

இவ்வளவுக்கும் நேரம் வேண்டும். ஒரே ஆள் கதவு திறந்து, நாளிதழ் அடுக்கி, புத்தகம் கொடுத்து வாங்கும் கிளை நூலகத்தில் அது எங்கிருந்து வரும்? சார்லட்டில் நிர்வாகம் பரிசு கொடுத்து ஊக்கப்படுத்தியது. இங்கே பரிசுகூட வேண்டாம், வாரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கிக் கொடுத்தாலே போதும். தமிழ்நாட்டில் நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. அதைக் கேட்கும் உரிமை வாசகருக்கும் உண்டு.

அப்படி ஒரு மணி நேரம் கிடைத்த ஊழியருக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் 2009ல், அவர் வாழும்போதே நாட்டுடைமை ஆக்கப்பட்டன. இணைய நூலகங்களில் அவற்றை இலவசமாகப் படிக்கலாம். பிக்கட்டி மாணவி போன் செய்து கேட்டால், "பஸ் ஏற வேண்டாம்மா, லிங்க் அனுப்புறேன், சிக்னல் இருக்கும்போதே இறக்கி வச்சுக்கோ" என்று சொல்லிவிடுவார்.