கொசு வயித்துக்குள்ள ஒரு நல்லவன்!

லேப்ல ரீடிங் சொதப்பினா என்ன பண்ணுவீங்க? பக்கத்து நோட்டைப் பார்த்து காப்பிதானே! ஸ்பெயின்ல இருக்கிற ஜி.எஸ்.கே. மருந்து நிறுவனத்து ஆய்வகத்துல அப்படி விடலை பாஸ். மலேரியா மருந்து ஆராய்ச்சிக்காக வளர்த்த கொசுக்களுக்கு, கிருமி கலந்த ரத்தம் கொடுத்தும் தொற்று ஏறவே இல்லை. நோண்டிப் பார்த்தா, கொசுவோட குடலில் 'டெல்ஃப்டியா'ங்கிற பாக்டீரியா! அது சுரக்கும் 'ஹார்மேன்' என்ற பொருள், மலேரியா கிருமியை ஆரம்பத்திலேயே அமுக்கிவிடுகிறது. கொசு சாகாது, ஜம்முனு பறக்கும். அது கடித்தால்? மூன்று எலிகளில் ஒன்றுக்குத்தான் மலேரியா வந்தது. சாதாரணக் கொசு கடித்த எலிகளோ மொத்தமும் காலி! 2023-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான சமாசாரம் இது. ஆப்பிரிக்காவின் பர்கினா ஃபாஸோவில், வலையடித்த கூடாரத்துக்குள்ளும் சோதித்துவிட்டார்கள். சிக்கல் ஒன்றுதான். பக்கத்துக் கொசுவுக்கு இந்த பாக்டீரியா தொத்தாது. அப்போ, ஊர்க் கொசு அத்தனைக்கும் யாருங்க ஊட்டிவிடுறது?