கேட்பவருக்கேற்ற சுருக்கம்

புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் கிடைத்த 1130 கல்வெட்டுகளின் வாசகங்களை, அரச மரபுகளின் வரிசையில், 1929இல் நூலாக அச்சிட்டது. அந்நூலை ஏரிப்பாசனத்தை ஆராய்பவர் ஒன்றைத் தேடியும் வணிகக் குழுக்களை ஆராய்பவர் வேறொன்றைத் தேடியும் புரட்டுவாராதலால், இருவருக்கும் பொதுவாக எழுதப்படும் சுருக்கம் இருவருக்குமே அரைகுறையாகத்தான் அமையும். பல ஆவணங்களைப் படித்து, வாசகரின் நாட்டத்தை அவரிடமே கேட்டறிந்து, அதற்கேற்பச் சுருக்கித் தரும் கணினி நிரல்கள் இக்குறையைக் களைய எழுந்தவை.

1958இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன், மிகப் பொதுவான சொற்களை ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றுள் அடிக்கடி வரும் சொற்கள் நெருங்கி அமைந்த வாக்கியங்களைப் பொறுக்கியெடுக்கும் முறையை வகுத்தார். ஒரு கட்டுரைக்குப் பொருந்தும் அம்முறையைக் கல்வெட்டுத் தொகுதியின்மீது ஏவினால், மன்னனின் வெற்றிகளைப் புகழும் மெய்க்கீர்த்தி கல்லுக்குக் கல் திரும்ப வருவதால், சுருக்கம் முழுவதும் புகழுரையாகி, ஏரியும் மடையும் காணாமற்போகும். 1998இல் ஜேமி கார்பனெல், ஜேட் கோல்ட்ஸ்டீன் இருவரும் முன்வைத்த முறையோ, ஒரு வாக்கியம் வாசகரின் கேள்வியோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதற்கு மதிப்பெண் தந்து, ஏற்கெனவே தேர்ந்த வாக்கியங்களோடு ஒத்திருந்தால் அம்மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகிறது. இரண்டாம் முறை வரும் புகழுரை தானாகவே பின்தங்குகிறது.

வாசகர் 'பாசனம்' என்று கேட்கிறார். கற்களோ குமிழி, மடை, கலிங்கு என்று பேசுகின்றன. குமிழி என்பது ஏரிக்குள் இரு கல்தூண்கள் நிறுத்தி, அவற்றிடையே அடைப்பை ஏற்றியிறக்கி நீர்விடும் தூம்பு. அத்தூண்களிலேயே அதைச் செய்தளித்தவரின் பெயர் வெட்டப்பட்டிருப்பதும் உண்டு. இக்கால உரைநடையை மட்டும் படித்துப் பழகிய நிரல் குமிழி என்ற சொல்லை நீர்க்குமிழி என்றே கொள்ளக்கூடும். முதல் சுருக்கத்தில் தற்செயலாக வந்த குமிழி வாக்கியத்தை வாசகர் 'இதுதான் வேண்டும்' என்று குறித்தவுடன், அதிலுள்ள சொற்கள் கேள்வியோடு சேர்ந்துகொள்ள, அடுத்த சுருக்கம் தூம்புகளை நோக்கித் திரும்புகிறது. ஊடாட்டம் எனப்படுவது இதுவே. குமிழியை, குமிழிக்கு, குமிழியும் என்பன ஒரே சொல்லின் உருவங்கள் என்பதைப் பகுதி பிரித்து அறியாத நிரலுக்கு இந்தக் குறிப்பும் பாதிப் பயனே தரும்.

வாக்கியங்களை அப்படியே எடுத்துத் தொகுப்பதைவிடப் புதிதாக எழுதித் தரும் இன்றைய நிரல்கள் படிக்க இனியவை; ஆயினும் கல்வெட்டுக்கு எடுத்துத் தொகுப்பதே, அதுவும் ஒவ்வொரு வரியருகிலும் கல்வெட்டு எண்ணோடு தொகுப்பதே, ஏற்றது. கல் சிதைந்த இடத்தில் பதிப்பாசிரியர் புள்ளியிட்டு நிறுத்திக்கொள்வார். புதிதாக எழுதும் நிரல் அப்புள்ளிகளின்மேல் ஒரு நன்கொடையாளரையே படைத்துவிடக்கூடும்.