கெட்டியான அக்ரிலிக் வண்ணத்தை மீட்பது எப்படி?

கலைத் திருவிழா, சுவர் ஓவியம், கற்றல் துணைக்கருவி என ஆண்டு முழுவதும் அக்ரிலிக் வண்ணங்களைப் பயன்படுத்துகிறோம். கோடை விடுமுறைக்குப் பின் அலமாரியைத் திறந்தால் பல புட்டிகள் கெட்டியாகியிருக்கும். எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கத் தேவையில்லை. எதைக் காப்பாற்றலாம் என்பதை நான் ஒரு பற்குச்சியைக் கொண்டே முடிவு செய்கிறேன்.

அக்ரிலிக் வண்ணத்தில் நிறமித் தூளோடு, நீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களும் உள்ளன. நீர் ஆவியாகும்போது இத்துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து படலமாகிவிடும். அதன்பின் நீரில் கரையாது. நீர்வண்ணக் கட்டிகள் அப்படியல்ல. அவற்றிலுள்ள மரப்பிசின், காய்ந்தபின்னும் நீர் பட்டால் கரையும்.

பற்குச்சி கெட்டித் தயிரில் இறங்குவதுபோல் இறங்கினால் வண்ணத்தை மீட்கலாம். மேலே படிந்த ஆடையைக் கலக்கிவிடாமல் எடுத்துவிடுங்கள். 3 அல்லது 4 சொட்டு நீர் விட்டு மெதுவாகக் கிளறி, இறுக மூடி ஓர் இரவு வையுங்கள். காய்ச்சி வடித்த நீர் நல்லது. மறுநாளும் கெட்டியாக இருந்தால் மட்டும் இன்னும் சில சொட்டுகள் விடலாம். சிறு கட்டிகள் இருந்தால் நைலான் துணியில் வடிகட்டுங்கள். அவசரப்பட்டு நீரை ஊற்றினால் பிணைப்பு வலுவிழந்து, பூசிய வண்ணம் உதிரும்.

ரப்பரில் குத்தியதுபோல் குச்சி நின்றுவிட்டால் மீட்க வழியில்லை. சானிடைசரோ நகப்பூச்சு நீக்கியோ ஊற்றினால் சற்று இளகும். ஆனால் நல்ல வண்ணம் திரும்பக் கிடைக்காது. அவற்றின் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால் வகுப்பறைக்கு வேண்டாம். பூஞ்சை படர்ந்ததையும் துர்நாற்றம் வீசுவதையும் அகற்றிவிடுங்கள்.

இதையே ஆறாம் வகுப்பில் மீள் மாற்றம், மீளா மாற்றம் நடத்தும்போது செய்து காட்டலாம். ஒரு பிளாஸ்டிக் மூடியில் அக்ரிலிக் ஒரு சொட்டும், நீர்வண்ணம் ஒரு சொட்டும் வைத்துக் காயவிடுங்கள். மறுநாள் இரண்டிலும் நீர் விட்டால் நீர்வண்ணம் கரையும்; அக்ரிலிக் தோல்போல் உரிந்து வரும். "இரண்டிலும் நீர்தானே ஆவியானது? பிறகு ஏன் இந்த வேறுபாடு?" என்று கேளுங்கள். இயற்பியல் மாற்றம் எல்லாமே மீள் மாற்றம்தான் என்று எண்ணும் மாணவர்கள் அங்கே யோசிக்கத் தொடங்குவார்கள்.

மூடுவதற்கு முன் புட்டியின் வாயைத் துடையுங்கள். வேண்டிய அளவை மட்டும் தட்டில் எடுங்கள். நீர் கலந்த மிச்சத்தைப் புட்டியில் திரும்ப ஊற்றாதீர்கள். தூரிகைகளை வண்ணம் காயும் முன்பே கழுவச் சொல்லுங்கள்.