திருச்சி - சிங்கப்பூர்: பறப்பது 4 மணி நேரம்... டிக்கெட்டில் 6.30 மணி நேர வித்தியாசம் ஏன்?

அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலம் பகுதியில் இருந்து சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பக்கத்து விமான நிலையம் திருச்சிதான். முதல்முறை டிக்கெட்டை கையில் வாங்கும்போது பலருக்கும் ஒரு குழப்பம் வரும். இரவு 1 மணிக்குப் புறப்பாடு, காலை 7.30-க்கு வருகை என்று இருக்கும். அப்படியென்றால் பயணம் ஆறரை மணி நேரமா?

உண்மையான தூரம் எவ்வளவு?

திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வான்வழி தூரம் சுமார் 3,000 கி.மீ. நேரடி விமானம் இதைக் கடக்க ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகும். மீதி இரண்டரை மணி நேரம் பயணமே இல்லை, கடிகார வித்தியாசம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் இந்திய நேரத்திலும், இறங்கும் நேரம் சிங்கப்பூர் நேரத்திலும் இருக்கும்.

திரும்பி வரும்போது இது தலைகீழாகிவிடும். சிங்கப்பூரில் இரவு 8 மணிக்கு ஏறினால், திருச்சியில் இரவு 9.30-க்கே இறங்கலாம். ஒன்றரை மணி நேரத்தில் வந்த மாதிரி தெரியும். ஆனால் பறந்தது அதே 4 மணி நேரம்தான்.

ஏன் இரண்டரை மணி நேரம்?

சூரியனை வைத்துப் பார்த்தால் சிங்கப்பூர் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் இருந்தாலே போதும். 1982 ஜனவரி 1-ல் மலேசியாவுடன் சேர்ந்து சிங்கப்பூரும் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியது. அதுவரை 2 மணி நேரமாக இருந்த வித்தியாசம் இரண்டரை ஆனது.

தேதியில்தான் சிக்கல்

நேரத்தைவிட ஆளைக் கவிழ்ப்பது தேதி. டிக்கெட்டில் '15-ம் தேதி, 01.00 மணி' என்று இருந்தால், அது 14-ம் தேதி இரவு முடிந்து வரும் 1 மணி. 15-ம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். டிக்கெட் பணம் போவதோடு, வேலையில் சேரும் தேதியும் தள்ளிப்போகும்.

பின்னோக்கிக் கணக்குப் போட்டால் குழப்பம் இருக்காது:

- 15-ம் தேதி, அதிகாலை 1 மணி: விமானம் புறப்பாடு
- 14-ம் தேதி, இரவு 10 மணி: விமான நிலையத்தில் இருக்க வேண்டும்
- 14-ம் தேதி, இரவு 7.30 மணி: காரில் போவதாக இருந்தால் விக்கிரமங்கலத்தில் இருந்து கிளம்ப வேண்டும்

காரில் சுமார் 2 மணி நேரம் ஆகும். அரியலூரில் பஸ் மாறிப் போனால் இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும். சிங்கப்பூரில் இமிகிரேஷன், லக்கேஜ் எல்லாம் முடிய ஒரு மணி நேரம் சேர்த்தால், வாசலில் இருந்து வாசல் வரை 10 மணி நேரத்துக்கு மேல். அதில் பறப்பது பாதிகூட இல்லை.

அன்று ஒரு வாரம்

விமானம் எட்டாத விலையில் இருந்த காலத்தில் சென்னை, நாகப்பட்டினத்தில் இருந்து 'ரஜுலா', பிறகு 'சிதம்பரம்' கப்பல்களில்தான் போனார்கள். பயணம் ஏறத்தாழ ஒரு வாரம். 1985-ல் 'சிதம்பரம்' கப்பலில் தீ விபத்து ஏற்பட்டதோடு அந்தச் சேவை முடிவுக்கு வந்தது.

போன் பண்ணும் முன்...

போய்ச் சேர்ந்த பிறகும் இந்த இரண்டரை மணி நேரக் கணக்கு தேவைப்படும். இங்கே இரவு 9.30-க்கு சாப்பிட்டு முடித்து வீடியோ கால் போட்டால், அங்கே நள்ளிரவு 12 மணி. காலை ஷிஃப்ட்டுக்கு எழ வேண்டியவர் தூங்கியிருப்பார். இரவு 7.30-க்குள் கூப்பிட்டால் அங்கே 10 மணி, நிம்மதியாகப் பேசலாம்.