உங்களுக்குத் தெரியுமா? ஜெயித்தது யாரோ, ஏறியது யாருக்கோ!

1994 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியில் பெனால்டி உதைகளில் பிரேசில் இத்தாலியை வென்றது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த இரு அணி ஆண் ரசிகர்களின் உமிழ்நீரை அமெரிக்க ஆய்வாளர்கள் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். பிரேசில் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் ஏறியிருந்தது. இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது. சிறிய சோதனைதான். ஆனாலும், பந்தைத் தொடாதவர்களுக்கு இவ்வளவா?

உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் குழுவும் 1976இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியம். தங்கள் பல்கலைக்கழக அணி சனிக்கிழமை வென்றிருந்தால், திங்கட்கிழமை அதன் பெயர் பொறித்த சட்டையோடு வரும் மாணவர்களின் எண்ணிக்கை கூடியது. வென்றால் ‘நாம ஜெயிச்சுட்டோம்’. தோற்றால் ‘அவங்க தோத்துட்டாங்க’! நம் ஊர் டீக்கடைப் பேச்சும் இதே கதைதான்.

அந்த ‘நாம்’ எல்லோருக்கும் ஒட்டுவதில்லை. பலருக்கு அது அப்பா, அண்ணன், நண்பர்கள், சொந்த ஊர் வழியாகச் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. அப்படி வராதவருக்கு, ஆட்ட விதிகள் அத்தனையும் தெரிந்திருந்தாலும், இருபத்திரண்டு பேர் ஒரு பந்தைத் துரத்துவது மட்டுமே கண்ணில் படும். அவரை ரசனை கெட்டவர் என்று திட்டுவது அநியாயம்.