மருந்துகளுக்கும் குடும்பம் உண்டு

செவிலியர் பயிற்சி பெறும் சகோதரிகளே! மருந்தியல் நூலைத் திறந்ததும் அணிவகுத்து நிற்கும் நூற்றுக்கணக்கான பெயர்கள் உங்களை மலைக்க வைத்திருக்கும். அவற்றைத் தனித்தனியே மனனம் செய்ய முயலாதீர்கள். மனிதர்களைப் போலவே மருந்துகளுக்கும் குடும்பம் உண்டு. வணிகப் பெயரை விடுத்து மூலப்பெயரை நோக்கினால், அதன் ஈறே பெரும்பாலும் குடும்பத்தைக் காட்டிவிடும்.

'பிரில்' என முடியும் எனலாபிரில், ராமிபிரில் ஆகியவை இரத்த அழுத்தத்தைக் குறைப்பவை. இரத்தக் குழாயைச் சுருக்கும் பொருளை உருவாக்கும் நொதியை இவை தடுக்கின்றன. பிராடிகைனின் என்னும் பொருளைச் சிதைப்பதும் அதே நொதிதான். நொதி தடைப்பட்டதும் பிராடிகைனின் தேங்குகிறது. சிலருக்கு வறட்டு இருமல் தோன்றுகிறது. காரணம் விளங்கியபின் இப்பக்க விளைவு மறக்குமா? இருமலோடு நில்லாமல் உதடோ நாவோ வீங்கினால், அடுத்த வேளை மாத்திரையைக் கொடாமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.

'ஓலால்' என முடியும் அட்டெனோலால், புரோபிரனோலால் ஆகியவை இதயத் துடிப்பைத் தணிப்பவை. புரோபிரனோலால் மூச்சுக் குழல்களையும் சுருக்கும். எனவே ஆஸ்துமா நோயாளிக்கு அது ஆகாது. இன்சுலின் போட்டுக்கொள்வோருக்குச் சர்க்கரை தாழும்போது உண்டாகும் படபடப்பையும் நடுக்கத்தையும் இக்குடும்பம் மறைத்துவிடக்கூடும். அப்போது வியர்வையே உங்களுக்கு எச்சரிக்கை.

சிறுநீரைப் பெருக்கும் புரூஸ்மைடு, உடலின் பொட்டாசியத்தையும் வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்தவருக்கு டிஜாக்சின் எளிதில் நஞ்சாகும். டிஜாக்சின் கொடுக்குமுன் நெஞ்சில் குழல் வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு அது 60க்குக் குறைந்தால், மருத்துவரிடம் தெரிவிக்காமல் கொடாதீர்கள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதும் தீங்கே. காசநோய்க்குரிய ரிபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். முன்னரே அறியாத நோயாளி இரத்தமென்று அஞ்சி மாத்திரையை நிறுத்திவிடலாம். இடையில் நின்ற சிகிச்சையால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும் அபாயம் உண்டு. உங்களுடைய ஒரு வார்த்தை இதைத் தடுக்கும்.

ஆகவே ஒரு குறிப்பேட்டில் ஐந்து கட்டங்கள் வரையுங்கள்: குடும்பம், செயல், பக்க விளைவு, கொடுக்குமுன் பார்க்க வேண்டியது, நோயாளியிடம் சொல்ல வேண்டியது. அன்றாடம் வார்டில் காணும் ஒரு மருந்தை அதில் எழுதி வாருங்கள்.

மருத்துவர் வந்து பார்த்துச் செல்வார்; இரவெல்லாம் கட்டிலருகே விழித்திருப்பவர் நீங்கள். மாற்றம் முதலில் படுவது உங்கள் கண்ணில்தான். தேர்வு ஒரு நாளில் முடிந்துவிடும். நோயாளியின் உயிரோ, பணிக்காலம் முழுதும் உங்களிடம் ஒப்படைக்கப்படும் அமானிதம்.