ஓடாத மோட்டார்

“ஏண்டா, மோட்டாரை அணைக்கலையா?” ராத்திரி பதினொரு மணிக்கு அத்தை கேட்டாள். அன்று மோட்டாரே போடவில்லை.

இல்லாத ஓசை காதுக்குள் கேட்பதுதான் காது இரைச்சல். சிலருக்கு விசில், பலருக்குச் சில்வண்டு, அத்தைக்கு மோட்டார்.

உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியா பட்டாணி அளவுதான். அதற்குள் சுமார் 15,000 மயிர்ச்செல்கள். ஒலி வந்து அவற்றின் நுனியைச் சாய்க்க, அந்த அசைவு மின்துடிப்பாகி நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. நத்தையின் வாசலில் இருப்பவை கீச்சென்ற ஒலிகளுக்கு, உள்ளே போகப் போகக் கனத்த ஒலிகளுக்கு. வயதானால் வாசலில் இருப்பவைதான் முதலில் சாகின்றன. விசைத்தறிக் கொட்டகையில் காலம் கழித்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம். கோழிக்குச் செத்த மயிர்ச்செல் மறுபடி முளைக்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

செத்த இடத்தில் அமைதிதானே இருக்க வேண்டும்? மூளை விடுவதில்லை. இலங்கை வானொலி சரியாக எடுக்காத நாளில் குமிழைத் திருகி ஒலியைக் கூட்டுவோமே, பாட்டோடு ‘ஸ்ஸ்’ஸும் சேர்ந்து கூடும். வரவேண்டிய சேதி வராததால் மூளையும் அப்படித்தான் கூட்டுகிறது; நரம்புகளின் சொந்தச் சலசலப்பு ஓசையாகிவிடுகிறது. அதனால்தான் நிஜச் சில்வண்டைக் கேட்க முடியாத காதில் பொய்ச் சில்வண்டு கத்துகிறது. கட்டிக்காகச் செவி நரம்பையே வெட்டியெடுத்தவர்களிலும் பலருக்கு இரைச்சல் நிற்கவில்லை.

நல்ல காதும் இதற்கு விலக்கல்ல. 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், கேட்கும் திறன் சரியாக இருந்த 80 பேரை ஒலிபுகா அறையில் உட்கார வைத்தார்கள். 94 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் ஓசை கேட்டது.

வெறும் குறும்பி அடைத்தும் இரைச்சல் வரும். அதிக அளவு ஆஸ்பிரின், சில ஆன்டிபயாடிக், நீர் பிரிய எடுக்கும் மாத்திரை, சில புற்றுநோய் மருந்துகளாலும் வரலாம். ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ காது டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

அத்தைக்குக் காது மெஷின் வைத்தாயிற்று. பகலில் தெருச் சத்தம் கேட்கிறது, மோட்டார் அடங்கியிருக்கிறது. படுக்கும்போது கழற்றி டப்பாவில் வைத்தால் மறுபடி ஓடுகிறதாம். “கரண்டு பில் வராத மோட்டார், ஓடட்டும்” என்கிறாள்.